80 சதவீதக் கொழுப்பு: பறிமுதல் செய்த வெண்ணெயை அமெரிக்க அரசு திருப்பிக் கொடுத்தது சரியா?

ஏடுதேடி:

அமெரிக்க உணவுச் சட்டங்களின் வரலாற்றைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். அங்கே 1906-இல் வந்த தூய உணவு, மருந்துச் சட்டம், நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அதை அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று தன் 4-ஆம் பிரிவிலேயே சொல்லியிருந்தது. அப்படி வெளிவந்த தீர்ப்பு அறிவிப்புகளில் 1920-களையும் 30-களையும் சேர்ந்தவற்றைப் புரட்டினால் வெண்ணெய் வழக்குகள் வந்துகொண்டே இருக்கின்றன. கிட்டத்தட்ட எல்லாம் ஒரே வார்ப்பு. ஒரு மாநிலத்துக் கிரீமரியிலிருந்து, அதாவது வெண்ணெய் ஆலையிலிருந்து, இன்னொரு மாநிலத்துக்குப் போன தொட்டிகள். ஆய்வில் பால்கொழுப்பு 80 சதவீதத்துக்குக் கீழே. பறிமுதல். கலப்படம் என்று தீர்ப்பு. கடைசி வரியில், பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்துச் செலவையும் கட்டினால் உரிமையாளர் சரக்கை எடுத்துப் போய், மறுபடி பக்குவம் செய்து 80-க்குக் கொண்டு வரலாம் என்ற அனுமதி.

அந்தக் கடைசி வரிதான் உறுத்துகிறது. தரங்குறைந்த சரக்கோடு பிடிபட்டவருக்குச் சரக்கே திரும்பக் கிடைக்கிறதென்றால் அவர் எதை இழந்தார்? பிடிபடாத முந்தைய தொட்டிகளை ஏற்கெனவே விற்றுக் காசாக்கியிருப்பார். பிடிபட்டதையும் சரிசெய்து விற்றுவிடுவார். தண்ணீரை வெண்ணெய் விலைக்கு வாங்கியவருக்கு ஒரு சென்ட்கூடத் திரும்பி வராது. பால்பொருள் தொழில் தெரிந்தவர்களும் சட்டம் படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். இது அமலாக்கம்தானா?

மத்து:

கிரீமரி வேலையில் இருந்தவன் என்பதால் தொழில் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

வெண்ணெய் என்பது கொழுப்பு, நீர், உப்பு, கொஞ்சம் தயிர்ப்பொருள். 78 சதவீதக் கொழுப்புள்ள வெண்ணெயைத் தின்று யாருக்கும் வயிறு கெடாது. அதில் நீர் அதிகம், அவ்வளவுதான். திரும்பக் கடைகலத்தில் போட்டுப் பிசைந்து நீரை வெளியேற்றலாம். இல்லையென்றால் கொழுப்பு கூடிய வெண்ணெயோடு சேர்த்துச் சராசரியை ஏற்றலாம். நல்ல உணவு அது. அதைக் கொட்டி அழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் ஏமாற்று சின்னது என்று யாரும் நினைக்க வேண்டாம். 100 பவுண்டு கொழுப்பிலிருந்து 80 சதவீத வெண்ணெய் செய்தால் 125 பவுண்டு கிடைக்கும். அதே கொழுப்பை 78 சதவீதத்தில் நிறுத்தினால் 128 பவுண்டைத் தாண்டும். கூடுதலாக வந்த 3 பவுண்டும் நீரும் உப்பும்தான், விலை மட்டும் வெண்ணெய் விலை. ஒரு கிரீமரி வருடம் முழுக்க இப்படிச் செய்தால் எவ்வளவு வரும் என்று பாருங்கள். இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. விவசாயிக்குக் காசு கொடுப்பது கிரீமில் உள்ள கொழுப்பை அளந்து. அந்தக் கொழுப்பை அளக்கும் பாப்காக் சோதனை 1890-இலேயே வந்துவிட்டது. ஆகவே வாங்கும்போது கொழுப்புக்குத்தான் காசு, விற்கும்போது தண்ணீருக்கும் சேர்த்துக் காசு. நேர்மையாக 80-க்கு மேல் நிறுத்துகிற பக்கத்து ஆலை, கிரீமுக்கு அதே விலை கொடுத்துப் போட்டி போட முடியாமல் திணறும். வாங்கித் தின்பவரை விட அந்த ஆலைக்காரர்தான் இதை முதலில் உணர்ந்திருப்பார்.

‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்ற பேச்சையும் நான் ஏற்க மாட்டேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் 10 கிராம் வெண்ணெயை எடை போட்டு, நீர் முழுக்கப் போகும் வரை பதமாகச் சூடாக்கி, மறுபடி எடை போட்டால் ஈரப்பதம் தெரிந்துவிடும். சில நிமிட வேலை. கொழுப்பையும் உப்பையும் சேர்த்துப் பார்க்கக் கோமன் சோதனை இருந்தது. அதைச் செய்யப் பெரிய ஆய்வகம் வேண்டாம், ஆலை மேசையே போதும்.

வழக்குக்கட்டு:

ஏடுதேடி, கடைசி வரி நீதிபதியின் தாராளம் என்று படிக்கிறீர்கள். அப்படி இல்லை. 1906 சட்டத்தின் 10-ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது. அந்தப் பிரிவின் கீழ் வரும் வழக்கில் பிரதிவாதி ஆள் இல்லை, சரக்கு. அமெரிக்க அரசு ஒரு பக்கம், இத்தனை தொட்டி வெண்ணெய் மறுபக்கம் என்றுதான் தலைப்பே இருக்கும். சரக்கு சட்டத்துக்குப் புறம்பானது என்று முடிவானால் அழிக்கலாம், விற்கலாம், அல்லது செலவைக் கட்டி ‘இனி இதைச் சட்டத்துக்கு மாறாக விற்க மாட்டேன்’ என்று பிணை கொடுத்தால் உரிமையாளரிடம் விடலாம். சந்தையிலிருந்து கெட்ட சரக்கை எடுப்பதுதான் அந்தப் பிரிவின் நோக்கம்.

ஆளைத் தண்டிக்க 2-ஆம் பிரிவு தனியாக உண்டு. முதல் குற்றத்துக்கு 200 டாலர் வரை அபராதம். அடுத்தடுத்த குற்றங்களுக்கு 300 டாலர் வரை, அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு பெரிய ஆலைக்கு 200 டாலர் என்பது எம்மாத்திரம்! அதனால் அபராதத்தை விடப் பறிமுதல்தான் வலித்தது என்பது என் எண்ணம். வெண்ணெய் காத்திருக்கும் பொருள் இல்லை. வழக்கு முடியும் வரை குளிர்கிடங்கு வாடகை ஓடும், சந்தை விலை இறங்கும், வாங்குவதாகச் சொன்னவர் வேறிடம் போவார். அதற்கு மேல் மறுபக்குவக் கூலி. அதோடு அறிவிப்பில் நிறுவனத்தின் பெயர் அச்சாகிவிடும்.

தராசுமுள்:

பெயர் அச்சாகும், சரி. யார் படிப்பார்கள்? அந்த அறிவிப்புகள் வழக்கு முடிந்து எத்தனையோ காலம் கழித்துத்தான் வெளிவந்தன. வெண்ணெய் வாங்கப் போகிற ஒருவர் அரசு அச்சகத்துச் சிற்றேட்டைப் பார்த்துவிட்டா போவார்?

எனக்கு இதைவிட அடிப்படையான ஒரு கேள்வி இருக்கிறது. ஏன் 80? 1906-இல் வேளாண்துறைச் செயலர் வெளியிட்ட உணவுத் தர அளவுகளில் வெண்ணெய்க்கு 82.5 சதவீதம் பால்கொழுப்பு என்று இருந்தது. 1923-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டபோது அது 80 ஆயிற்று. தூய்மைக்காகப் போட்ட சட்டம் 2.5 சதவீதத்தை ஆலைகளுக்கு விட்டுக் கொடுத்திருக்கிறது. இதை வெற்றி என்று எப்படிச் சொல்வது?

வழக்குக்கட்டு:

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

82.5 என்பது வழிகாட்டும் அளவு. அதற்குச் சட்ட வலிமை கிடையாது. 1906 சட்டம் கலப்படம் எது என்று பொதுவாகச் சொன்னதே தவிர, ஒவ்வொரு உணவுக்கும் அளவு குறித்துக் கொடுக்கவில்லை, குறிக்கும் அதிகாரத்தை அதிகாரிகளுக்கும் தரவில்லை. ஆகவே 80.5 சதவீத வெண்ணெயைப் பிடித்தால், ‘மக்கள் வெண்ணெய் என்று எதிர்பார்ப்பது இது இல்லை’ என்று ஒவ்வொரு வழக்கிலும் அரசு சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருந்தது, அது வரி வழி. 1902 மே 9-ஆம் தேதிச் சட்டம் ‘கலப்பட வெண்ணெய்’ என்று ஒரு வகையைக் குறித்துப் பவுண்டுக்கு 10 சென்ட் வரி போட்டது. அதைச் செய்பவர் வருடம் 600 டாலர், மொத்த வியாபாரி 480, சில்லறை வியாபாரி 48 டாலர் கட்ட வேண்டும். அளவுக்கு மீறி நீரையோ பாலையோ கிரீமையோ உறிஞ்ச வைத்த வெண்ணெய் இதில் அடங்கும். எவ்வளவு நீர் ‘அளவுக்கு மீறியது’ என்று சட்டம் சொல்லவில்லை. வரித்துறை ஒரு விதி போட்டு, 16 சதவீதமோ அதற்கு மேலோ ஈரம் இருந்தால் கலப்பட வெண்ணெய்தான் என்று வைத்துக்கொண்டது. அந்த விதி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. லிஞ்ச் எதிர் டில்டன் புரொட்யூஸ் கம்பெனி, 1924. நீர் அளவை மட்டும் வைத்து ஒரு வெண்ணெயைக் கலப்படம் என்று முத்திரை குத்தச் சட்டம் இடம் தரவில்லை, எந்த முறையால் அந்த நீர் உள்ளே போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்த விதியை நீதிமன்றம் செல்லாது என்றது. அதிகாரி குறித்த எண் ஒரே தீர்ப்பில் விழுந்துவிட்டது.

அந்தத் தீர்ப்புக்கு முந்தைய ஆண்டே வந்த 1923 மார்ச் 4-ஆம் தேதிச் சட்டத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாலிலிருந்தோ கிரீமிலிருந்தோ மட்டும் செய்தது, உப்பும் நிறமும் சேர்க்கலாம், எடையில் 80 சதவீதத்துக்குக் குறையாத பால்கொழுப்பு, ‘எல்லாத் தளர்வுகளையும் கணக்கில் கொண்ட பிறகு’. அந்தக் கடைசித் தொடர் எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வில் பிழை இருக்கலாம், பிசையும்போது கொஞ்சம் முன்பின் ஆகலாம் என்று தளர்வு கேட்க நினைப்பவருக்கு, அதெல்லாம் 82.5-இலிருந்து 80-க்கு இறங்கியபோதே கொடுத்தாயிற்று என்று அது பதில் சொல்லிவிடுகிறது. உறுதியில்லாத 82.5-ஐ விட வழக்கில் நிற்கிற 80 எனக்கு மேல். நீதிமன்றங்களில் வெண்ணெய் வழக்குகள் பெரும்பாலும் எதிர்ப்பே இல்லாமல் ஒரே மாதிரி முடிந்ததற்கும் இதுதான் காரணம். வாதாட ஒன்றும் இல்லை. எண் இருக்கிறது, ஆய்வறிக்கை இருக்கிறது.

தராசுமுள்:

எண் உறுதியாக இருப்பது நல்லது என்பதை ஏற்கிறேன். ஆனால் எண் உறுதியானதும் எல்லோரும் அந்த எண்ணின் விளிம்பில் போய் நின்றுகொள்வார்கள். 80-க்குக் கீழே போகாதே என்று சொன்னால் 80.1-ஐக் குறிவைத்துப் பிசைவார்கள். கொஞ்சம் கை தவறினால் 79.6. வேண்டுமென்றே செய்தவரும் விளிம்பில் நின்று வழுக்கியவரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். அந்த அறிவிப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். அவற்றிலிருந்து யார் எந்த ரகம் என்று பிரிக்க முடியவில்லை.

மத்து:

விளிம்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. சரியாகப் பிசையாத வெண்ணெயில் நீர் ஒரே சீராகப் பரவியிருக்காது. ஒரு தொட்டியின் நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் வேறு அளவு. அதனால்தான் மாதிரி எடுக்க நீண்ட குழிந்த துருவூசியை மேலிருந்து அடி வரை இறக்கித் திருகி, முழு நீளத் துண்டாக எடுப்பார்கள். பல தொட்டிகளில் அப்படி எடுத்து, இளக்கிக் கலந்து, பிறகுதான் ஆய்வு. இதில் அவசரப்பட்டால் நேர்மையானவர் மாட்டுவார், மற்றவர் தப்புவார். 79.6-க்கும் 80-க்கும் நடுவில் விளையாடுகிற ஆலை தன் மாதிரியைச் சரியாக எடுக்கவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். ஆலையில் ஒவ்வொரு கடைசலையும் சோதித்து 80.5-இல் நிறுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை. அந்த அரை சதவீதத்தை விட மனமில்லாததுதான் காரணம்.

புதுவாசகர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெண்ணெய்ச் சட்டங்கள் எல்லாமே வெண்ணெய்க்கு மாற்றாக விற்கும் மார்ஜரினை அடக்கப் பால்பண்ணைக்காரர்கள் கொண்டு வந்தவை என்று படித்திருக்கிறேன். அப்படியானால் இதைத் தூய்மைச் சட்டம் என்று சொல்வது சரியா?

ஏடுதேடி:

பாதி சரி. 1869-இல் பிரான்சில் மேஜ்-மூரியே மார்ஜரினைச் செய்து காட்டிய பிறகு அது அமெரிக்காவில் வேகமாகப் பரவியது. 1886-இல் மத்திய அரசு பவுண்டுக்கு 2 சென்ட் வரி போட்டது. 1902-இல் நிறம் சேர்த்ததற்கு 10 சென்ட், சேர்க்காததற்குக் கால் சென்ட். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மார்ஜரினுக்கு இளஞ்சிவப்பு நிறம் ஏற்ற வேண்டும் என்றே சட்டம் போட்டது, 1898-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. மத்திய வரி 1950-இல்தான் போயிற்று. இதையெல்லாம் தூய்மை என்ற பெயரில் நான் ஆதரிக்க மாட்டேன், அது போட்டியாளரை நசுக்குவது. ஆனால் 1923 சட்டம் வெண்ணெய்க்காரர்களையே பிடித்தது. மார்ஜரினில் கைவைக்காமல், வெண்ணெய் என்று விற்பதில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று கேட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வழக்குக்கட்டு:

அந்த 1902 சட்டத்தின் இன்னொரு முனை அதிகம் பேசப்படாதது. ‘புதுப்பித்த வெண்ணெய்’ என்று ஒரு பொருள் இருந்தது. பண்ணை வீடுகளிலும் கிராமக் கடைகளிலும் தேங்கிப் பழசான வெண்ணெயை வாங்கி, உருக்கி, வாடை போகக் காற்றேற்றி, பால் சேர்த்துத் திரும்பக் கடைந்து விற்பார்கள். இந்த ஆலைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு மத்திய வேளாண்துறைக்கு. அலபாமாவின் பர்மிங்காமில் க்ளோவர்லீஃப் என்ற ஆலைக்கு வந்து சேர்ந்த மூலவெண்ணெய் கெட்டது என்று மாநில அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1942-இல் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு இந்தத் துறையைக் கையில் எடுத்துக்கொண்டதால் மாநிலம் அந்த மூலப்பொருளில் கைவைக்க முடியாது என்பது பெரும்பான்மை. தலைமை நீதிபதி ஸ்டோன் உள்ளிட்டோர் மாறுபட்டார்கள்.

என் அனுதாபம் மாறுபட்டவர்கள் பக்கம்தான். மத்திய அதிகாரிகளின் பறிமுதல் அதிகாரம் முடிந்த சரக்கை நோக்கியது. மூலப்பொருளைப் பறிக்க முன்வந்த மாநிலத்தைத் தடுத்துவிட்டால், அழுகிய வெண்ணெய் ஆலைக்குள் போகிற வாசலில் யார் நிற்பது?

மத்து:

இது! இங்கேதான் நான் ஏடுதேடியோடு சேர்கிறேன், வேறு காரணத்துக்காக.

நீர் அதிகமான வெண்ணெயைத் திருப்பிக் கொடுத்ததில் எனக்குக் குறையில்லை என்றேன். ஆனால் அழுக்கு வெண்ணெய் வேறு. அந்தக் காலத்தில் விவசாயி தன் வீட்டிலேயே கிரீமைப் பிரித்துக் கேனில் நாள்கணக்கில் சேர்த்து வைப்பார். பிறகு கிரீம் நிலையத்தில் கொண்டு கொடுப்பார், அங்கிருந்து ஆலைக்குப் போகும். கோடையில் அது புளித்து, பூஞ்சணம் பிடித்து, ஈ விழுந்து வரும். ஆலையில் சுண்ணாம்போ சோடாவோ போட்டுப் புளிப்பை அடக்கி, பாஸ்டரைஸ் செய்து, கடைந்துவிட்டால் பார்க்க நல்ல வெண்ணெய். கொழுப்பு 80.5 கூட இருக்கும். 1923 சட்டத்தின் எண்ணைத் தாராளமாகத் தாண்டிவிடும்.

இதைப் பிடிக்க வேறு கண் வேண்டியிருந்தது. 1930-களில் பூஞ்சண இழைகளை எண்ணும் முறை வந்தது. சூடு பூஞ்சணத்தைக் கொல்லும், ஆனால் அதன் இழைகள் வெண்ணெயிலேயே தங்கிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் கிரீம் எந்த நிலையில் ஆலைக்கு வந்தது என்று தெரிந்துவிடும். வெண்ணெயை உருக்கி வடித்தால் பூச்சித் துணுக்கும் எலி மயிரும் வடிதாளில் நிற்கும். கொழுப்பை அளந்து கண்டுபிடிக்க முடியாத குற்றம் இது.

வழக்குக்கட்டு:

சட்டப் பக்கத்தில் அதற்கு இணையாக நடந்தது 1938-இன் உணவு, மருந்து, அழகுப்பொருள் சட்டம். 1906-இல் அழுகியது, அசுத்தமானது என்று சரக்கிலேயே காட்ட வேண்டும். 1938-இல் சுத்தமற்ற சூழலில் தயாரித்தது, வைத்திருந்தது என்றாலே கலப்படம். அதோடு ஆலைக்குள் போய்ப் பார்க்கும் அதிகாரம், நீதிமன்றத் தடையாணை, முதல் குற்றத்துக்கு 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை. சரக்கைத் துரத்தியது போதும், சரக்கு பிறக்கிற இடத்துக்கே போகலாம் என்ற நிலை. அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. உரிமையாளர் அனுமதித்தால்தான் உள்ளே போகலாம் என்பது போலவும், மறுத்தால் குற்றம் என்பது போலவும் சட்டம் இரண்டு விதமாகப் பேசியது. 1952-இல் கார்டிஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவில்லாதது என்று தள்ள, 1953-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

தராசுமுள்:

அப்படியானால் என் கருத்தைக் கொஞ்சம் கூர்மையாக்கிச் சொல்கிறேன். நீர் வழக்கில் பிணையும் மறுபக்குவமும் போதும், ஒரு நிபந்தனையோடு. அதே ஆலை இரண்டாவது முறை பிடிபட்டால் 2-ஆம் பிரிவில் ஆள்மீதும் வழக்குப் போட வேண்டும். முதல் முறை கை தவறியிருக்கலாம். அடுத்த முறையும் அதே குறை வந்தால் அது கணக்குப் போட்டுச் செய்தது. அழுக்கு வழக்கில் சரக்கைத் திருப்பித் தரும் பேச்சே கூடாது. அழுகிய கிரீமை எவ்வளவு பக்குவம் செய்தாலும் நல்ல கிரீம் ஆகாது.

மத்து:

அழுக்கு வெண்ணெயை அழிக்கவோ உணவல்லாத பயனுக்குத் தள்ளவோதான் உத்தரவிட வேண்டும், இதில் இரண்டு கருத்து இல்லை. கூடவே ஒன்று. ஆலையைப் பிடித்தால் மட்டும் போதாது, கிரீம் வாங்கும் இடத்தில் கெட்ட கேனைத் திருப்பி அனுப்ப ஆள் வேண்டும். ஒரு நிலையம் திருப்பி அனுப்பினால் விவசாயி எதிரில் உள்ள நிலையத்துக்குப் போவார், அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். எல்லா நிலையமும் ஒரே நாளில் மறுத்தால்தான் கேன் கழுவப்படும். அதைச் சந்தை தானாகச் செய்யாது, அரசுதான் செய்ய வைக்க முடியும்.

புதுவாசகர்:

அந்த 80 இப்போதும் அப்படியே இருக்கிறதா?

வழக்குக்கட்டு:

இருக்கிறது. 1938 சட்டம் மற்ற உணவுகளுக்குத் தர வரையறை செய்யும் அதிகாரத்தை நிர்வாகத்துக்குக் கொடுத்தபோது, வெண்ணெயை அந்த அதிகாரத்திலிருந்து விலக்கி வைத்தது. ஆகவே 1923-இன் வரையறைதான் இன்றும் சட்டப் புத்தகத்தில் நிற்கிறது. மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். உலக அளவில் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரமும் 80-ஐத்தான் சொல்கிறது, ஆனால் நீருக்கு 16, கொழுப்பல்லாத பால்திடப்பொருளுக்கு 2 என்று மேல்வரம்பும் சேர்த்து. 1924-இல் வரித்துறை இழந்த அதே 16.

ஏடுதேடி:

எல்லோருக்கும் நன்றி. நீர் வழக்குகளில் திருப்பிக் கொடுத்ததன் நியாயம் ஓரளவு புரிகிறது. தராசுமுள் சொன்ன இரண்டாவது முறை விஷயத்தை அறிவிப்புகளிலேயே தேடிப் பார்க்கப் போகிறேன். ஒவ்வொன்றிலும் அனுப்பிய நிறுவனத்தின் பெயரும் ஊரும் தேதியும் இருப்பதால், ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது, அப்படி வந்தவர்கள்மீது ஆள்வழக்குப் போட்டார்களா என்று பட்டியல் போட முடியும். நுண்ணோக்கி ஆய்வு பற்றி மத்து இன்னும் விரிவாக எழுதினால் அந்தப் பட்டியலில் அழுக்கு வழக்குகளைத் தனியாகப் பிரித்துவிடுவேன்.